செத்த கை

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சிவனம்மாவுக்கு பெக்டரி வேலை. ரப்பர் பாலில் ஆசிட்டை வெறுங்கையால் கலக்குவாள். உறைந்ததை மெஷினில் விட்டு, மெல்லிய ரப்பர் சீட்டாக்கிக் கொடியில் தொங்கவிடுவாள். கையுறை கேட்டால், "ஏன், மருதாணி அழிஞ்சிருமா?" என்பார் பெக்டரி ஐயா.

இப்போது அவள் உள்ளங்கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அன்று காலை அடுப்பில் எரிந்த கொள்ளியைக் கையால் தள்ளினாள். தோல் கருகிய நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தாள்.

விஷயம் ஐயாவுக்குப் போனது. எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்து ஊசியால் குத்தினார். ரத்தம் வந்தது. அவள் முகம் மாறவில்லை.

"செத்த கை. மெஷின்ல மாட்டுனா யாரு பதில் சொல்றது? நாளையிலேருந்து வராத."

"உங்க ஆசிட்லதாங்க செத்துச்சு," என்றாள் சிவனம்மா. "தொட்டா தெரியுற கையோட வந்தேன். அதக் குடுத்துட்டு வெரட்டுங்க."

"இங்கதான் எங்கயாவது கெடக்கும், தேடிக்க," என்று சிரித்தவர், அவள் காலையில் தொங்கவிட்ட சீட்டில் ஊசியைக் குத்தி வைக்கப் போனார்.

ஊசி பட்டதும் சீட்டு வெடுக்கென்று சுருங்கியது. கொடி நெடுகத் தொங்கிய சீட்டுகள் எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாகப் புல்லரித்தது.

மெஷினை யாரோ நிறுத்தினார்கள். சிவனம்மா போய் அந்தச் சீட்டைத் தடவினாள். அது மெல்ல விரிந்து கொடுத்தது. அவள் உள்ளங்கையில் ஊசிக் குத்து சுருக்கென்று வலித்தது.

"நாளைக்கு நான் வராட்டி, இதுகள யாருங்க தொடுறது?"

காற்றே இல்லை. ஆனாலும் சீட்டுகள் எல்லாம் ஐயா நின்ற பக்கத்தை விட்டு ஒதுங்கி, சாய்ந்தே தொங்கின.