சும்மா ஒரு அக்கா

"பாருங்கடி, பத்து மணி ஆனாப் போதும், சுதர்ஷினிக்குக் கால் தரையில நிக்காது!"

நாகலெட்சுமி சொன்னதும் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சுதர்ஷினி கூடையோடு தேயிலை நிரையை விட்டு நழுவி, மேலே பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். அந்த மலையில் போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான்; அதை விட்டால் கீழே ரோட்டுக்குத்தான் போகவேண்டும்.

"ஆளு எந்த ஊருடி? நோர்வூட்டா, வட்டவளையா?"

"பேரையாவது சொல்லேன். நாங்க என்ன தூக்கிட்டா போயிருவோம்?"

"பேரு எனக்கே தெரியாதுடி" என்றாள் சுதர்ஷினி.

அதற்கும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

எழுதி முடிப்பதற்குள் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினாள். கண்டாக்கு முத்துலிங்கம்! மலையில் வேலையைப் பார்வையிட வருகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். இந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருசமாகிறது, அவர் சிரித்து ஒருத்தியும் பார்த்ததில்லை.

"வேலை நேரத்துல போனா? இன்னைக்கு உனக்கு அரைப் பேருதான்."

அவர் கையிலும் ஒரு போன் இருந்தது. அவருக்கு யார் அரைப் பேர் போடுவது?

"போட்டுக்கங்க ஐயா" என்றாள். அரை நாள் சம்பளம்தானே, போனால் போகட்டும். போனை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அதுதான் அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"புருசன் கொழும்புல கெடந்து கஷ்டப்படுறான். நீ இங்க எவன்கூடப் பேசிக்கிட்டிருக்க? காட்டு!"

"வேணாங்க ஐயா. இது இன்னொருத்தரு சங்கதி. திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க."

கீழே சிரிப்பு நின்றுவிட்டது. அவர் வெடுக்கென்று போனைப் பறித்தார்.

சுதர்ஷினி எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், கைக்கு எட்டவில்லை.

பேஸ்புக்கில் 'மனசு விட்டுப் பேசுவோம்' என்று ஒரு குரூப். சொந்தப் பெயரைச் சொல்லாமல் யாரும் எதையும் கேட்கலாம். ஐந்து வாரத்துக்கு முன்னால் 'யாரோ ஒருத்தன்' என்ற பெயரில் ஒருவர் கேட்டிருந்தார்: "இதுக்கு மேலயும் உயிரோட இருக்கத்தான் வேணுமா? யாராவது பதில் சொல்லுங்க."

ஒருவர் கும்பிடு போட்டிருந்தார். இன்னொருவர் ரோஜாப்பூப் படம். வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பெரிய பதிலெல்லாம் சுதர்ஷினிக்கும் தெரியாது. ஆனாலும் அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. 'சும்மா ஒரு அக்கா' என்று தானும் ஒரு பெயர் வைத்துக்கொண்டு எழுதினாள்: "பதில் எனக்குத் தெரியல தம்பி. மொதல்ல சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு அதையே கேட்பாள். ரொட்டி கருகிப் போச்சு அக்கா. சம்பலில் உப்புக் கூடிப்போச்சு அக்கா. இப்படித்தான் பதில் வரும். அந்தச் சாக்கில் மனசில் இருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார், வியாழக்கிழமை கிளினிக், போயிட்டு வாங்க தம்பி என்று அவளும் ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "பார்ப்போம் அக்கா" என்பதோடு சரி.

இப்போது அது அத்தனையும் கண்டாக்கின் கையில்.

அவர் படித்தார். விரலால் தள்ளித் தள்ளி, முதலிலிருந்து படித்தார்.

"யாரு இது?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியாதுங்க ஐயா. பாவம், சின்னப் பையன் போல. சாகணும் போல இருக்குன்னு எழுதியிருந்தாரு. ஒரு நாள் கேக்காம விட்டாலும் எனக்கு பயமா இருக்கு. யாருகிட்டயும் சொல்லிராதீங்க ஐயா."

"சின்னப் பையனா?"

"ஆமாங்க. சமைக்கவே தெரியல. எல்லாத்தையும் கருக்கி வைக்கிறாரு."

கண்டாக்கின் மீசை துடித்தது. கோபமா வேறெதுவுமா, அவளுக்குப் பிடிபடவில்லை. போனை அவள் கையில் வைத்தார்.

"எழுதினத அனுப்பிட்டு நிரைக்குப் போ."

"அரைப் பேருங்களா ஐயா?"

"முழுப் பேருதான். அனுப்பு மொதல்ல."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கினார். ரோட்டோரம் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தபடி நின்றார்.

"என்னடி மருந்து வச்ச?" கீழேயிருந்து நாகலெட்சுமி கத்தினாள். "ஐயா பேயறைஞ்ச மாதிரிப் போறாரு!"

சுதர்ஷினிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எழுதி வைத்திருந்ததை அனுப்பினாள். கூடையைச் சரி செய்துகொண்டு இறங்கப் போனபோது போன் அதிர்ந்தது.

"சாப்பிட்டேன் அக்கா. வியாழக்கிழமை கிளினிக்குக்கும் போறேன். போனைப் பறிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. அப்புறம், அந்தச் சின்னப் பையனுக்கு வயசு அம்பத்திமூணு."