கிளப்பு வாய் திறக்காத மத்தியானம்

"அவன் முடிஞ்சுபோன ஆளுன்னு சொல்ல இந்த டிவிக்காரன் யாரு? ஒரு நாளாவது பந்தை ஒதைச்சிருப்பானா?" தறிக்காலில் சாய்த்த செல்போனில் ஓடும் ஃபுட்பால் விவாதத்தைப் பார்த்துக் குமரகுரு கத்துகிறான். "கத்தாத மாமா, இழை அறுந்துடப் போவுது!" என்று அவனைவிட உரக்கக் கத்துகிறாள் சங்கரி. கோர்வைப் புடவையில் உடலை ஒருவர், கரையை ஒருவர் நெய்ய வேண்டும். அத்தை மகளாயிற்றே, கரைப்பக்கம் அவள். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் அவள் தலையில் இருக்கும் புது மல்லிகையில் விழுகிறது. சாயங்காலம் தாமலிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். காலையிலிருந்து இவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருக்கிறாள். தெருவுக்கே தெரியும், ஜன்னலோரம் நிற்கிற நமக்குத் தெரியாதா? "கோல் போட்டவனைத்தான் காட்டுவானுங்க. நடுவுல நின்னு முன்னயும் பின்னயும் கோக்கிறவன் இவன்தான். இப்ப வேற கிளப்பு கூப்பிடுது, போயிடுவான்" என்கிறான் குமரகுரு. "வேணும்னா இப்ப இருக்குற கிளப்பு சொல்லலாம்ல?" என்கிறாள். "சொல்லணுமாக்கும்! அவனுக்கே தெரியாதா?" "தெரிஞ்சா போதுமா மாமா? வாயத் தொறந்து, போவாதேன்னு சொல்லணும்." போனில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். குமரகுரு அவளை ஏறிட்டுப் பார்க்கிறான்; நமக்கே மூச்சு நின்றுவிடுகிறது. "அதுக்காவ கிளப்பு போயி கெஞ்சிக்கினு நிக்குமா?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனில் சத்தத்தைக் கூட்டுகிறான். ஆவணியில் சங்கரி தாமலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மாப்பிள்ளை கிரிக்கெட் மட்டும்தான் பார்ப்பாராம்.