வாரிசிடம் திருப்பித் தரவும்

தம்பி தேர்தலில் நின்றபோது நன்கொடைக் கணக்கு அக்காவின் தலையில் விழுந்தது. சல்லிக்காசு பிசகாமல் எழுதித் தேர்தல் அலுவலகத்தில் கொடுத்தாள். ஒரே ஒரு நன்கொடையை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை. கொடுத்தவர் இறந்து நான்கு வருடமாகிறது, பணத்தை வாரிசிடம் திருப்பித் தந்து இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், தவறினால் வேட்புமனு செல்லாது என்று கடிதம் வந்தது. பெயரைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள். அது அவள் புருஷனின் பெயர்.

வீட்டுக்கு வந்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் கடிதத்தை நீட்டினாள்.

"பாருங்க இந்தக் கூத்தை! உங்களுக்கு ஆயுசு நூறு."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு முறை படித்தார்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்றார் மெதுவாக. "கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்லை." அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "போட்டா என்ன?"

"போட்டா நான் கிளம்பணும்."

போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, மணி நாலாச்சு. அனுப்பிட்டியா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினார். சூடு ஆறாத சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடத் தொடங்கினார்.