அழித்தால் திரும்ப வராதது

பினாங்கிலிருந்து தைபேக்கு வேலைக்கு வந்த நான்காம் நாள். சர்வர் அறையில் தனியாகக் கட்டளைகளை அடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் பிசுக்கேறிய விரலால் எண்டரைத் தட்டியதும், கோப்புகள் அத்தனையும் காணாமல் போயின.

உள்ளே வந்த சீனியர் யா-ஷின் அக்கா என்னைத் தாண்டிப் பார்த்தார். முகம் வெளிறியது.

"ஐயோ! என்னடி பண்ணித் தொலைச்ச?"

"தெரியாம எல்லாக் கோப்பையும் அழிச்சிட்டேன்க்கா! வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?"

"கோப்பு கிடக்குது, பத்து நிமிஷத்துல திரும்ப எடுத்துடலாம். சர்வர் மேல இருந்த பச்சைப் பொட்டலம் எங்கடி?"

"அந்தத் தேங்காய்ப்பால் நொறுக்குத்தீனியா? பசிச்சுது... தின்னுட்டேன்."

"அடிப்பாவி! சர்வர் மக்கர் பண்ணக் கூடாதுன்னு இந்த ஊர் வழக்கப்படி வேண்டிக்கிட்டு வச்சதுடி அது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான், பின்னால் இரைந்துகொண்டிருந்த சர்வர் விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கத் தொடங்கின.