போர்டு இல்லாத ஒன்வே

டிராஃபிக் ஹவல்தாரைப் பார்க்கப் பார்க்க ரெபேக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மும்பை வடாலாவில் ஒன்வேயில் எதிரே வந்தாள் என்று ஸ்கூட்டியை மறித்து அபராதச் சலான் போட்ட மனுஷன், கோர்ட்டில் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தெருமுனையின் போட்டோவை மாஜிஸ்திரேட்டிடம் நீட்டினாள். “ஒன்வேன்னு போர்டு எங்க இருக்கு, சாஹேப்? இவரையே காட்டச் சொல்லுங்க.”

மாஜிஸ்திரேட் ஹவல்தார் பக்கம் திரும்பினார். “போர்டு இருந்ததா?”

“இல்லை, சாஹேப். எத்தனையோ தடவை எழுதிக் கேட்டாச்சு. யாரும் வைக்கலை.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று ரெபேக்கா நினைக்கவே இல்லை.

சலான் ரத்தானது. ஒரு வாரத்துக்குள் போர்டு வைக்கும்படி உத்தரவும் வந்தது.

தலை நிமிர்ந்து வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பின்னாலேயே வந்த ஹவல்தார், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“கட்டின பொண்டாட்டிக்கே சலான் போட எப்படிங்க மனசு வந்துச்சு?” என்றாள் திரும்பாமலே.

“மத்தவங்க எல்லாம் பணத்தைக் கட்டிட்டுப் போயிருதாங்க, ஏட்டி. கோர்ட் வரைக்கும் வந்து சண்டை போட, உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?”