இரண்டு விரல்

"கையை நீட்டு" என்றார் என் கணவர்.

நீட்டினேன். பக்கவாட்டில், தோள் உயரத்துக்கு, உள்ளங்கை தரையைப் பார்க்க.

எதிரே நாற்காலிகளில் அவரிடம் தசைப் பரிசோதனை வைத்தியம் படிக்க வந்தவர்கள். எல்லோரும் அவரை டாக்டர் என்கிறார்கள். அவரும் வாய் தவறிக்கூட மறுத்ததில்லை.

முதுகெலும்பு வைத்தியர் ஒருவர் நோயாளிகளின் தசைகளை அழுத்திப் பார்த்ததில் தொடங்கியதாம் இதெல்லாம். கேள்வி கேட்டுக் கையை அழுத்துவது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. உண்மை சொன்னால் கை நிற்கும், பொய் சொன்னால் இறங்கிவிடும் என்பார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமை என் கணவரையே சேரும்.

காலையில்தான் பாடம் எடுத்திருந்தார். "ரெண்டே விரல். மணிக்கட்டுக்கு மேல, மெதுவா. அதுக்கு மேல பலம் போட்டா பேசறது அவங்க உடம்பு இல்ல, உங்க கை."

வீட்டில் இரண்டு விரல் எல்லாம் கிடையாது.

தங்கையோடு பேசினாயா என்பார். இல்லை என்பேன். உண்மையிலேயே பேசியிருக்க மாட்டேன். முழு உள்ளங்கையால் ஓர் அழுத்து. கை இறங்கும். உன் உடம்பே ஒப்புக்கொண்டுவிட்டது, இனி நீ என்ன சொல்வது என்பார்.

அப்புறம் அடி. கன்னத்தில், விலாவில், கீழே விழுந்த பிறகு முதுகில். ஒருமுறை பல் உடைந்தது. துப்பினால் தரை அழுக்கானதற்கும் சேர்த்து விழும் என்று அப்படியே விழுங்கிவிட்டேன்.

இன்று மேடையில் அவர் முகமெல்லாம் சிரிப்பு. என் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு விரலால் அழுத்தினார். கை நின்றது. பொய்ப் பெயர் ஒன்றைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கை இறங்கியது. பழக்கதோஷம், நானே இறக்கிவிட்டேன். கைதட்டினார்கள்.

"இப்ப நீயா ஏதாவது சொல்லு."

"இவரு என்னை அடிப்பாரு."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு விரலை வைத்தார்.

கை நின்றது.

மூன்றாவது விரல் வந்தது. பிறகு உள்ளங்கை. உதட்டைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம் கரித்தது. கை இறங்கவில்லை. அதற்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அவருக்கும் விளங்கவில்லை.

அவருடைய இன்னொரு கையும் வந்தது. இரண்டு கைகளாலும் என் மணிக்கட்டைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிபம்பை அடிப்பது போல உடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். மறுபடியும்.

தோளுக்குள் மளுக்கென்றது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்போதுதான் கை இறங்கியது. அலறினேன்.

"பாத்தீங்களா? பொய்!" என்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பிடியை மட்டும் விடவில்லை.

ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவருடைய இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியை எழுந்து வந்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக என் மணிக்கட்டிலிருந்து பிரித்தாள். துப்பட்டாவை உருவி என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

"வாங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"மொதல்ல பள்ளிக்கூடம். அப்புறம் ஆஸ்பத்திரி."

அவள் புரியாமல் பார்த்தாள். வலியில் எனக்கு வாய் குழறியது. காரில் ஏறிய பிறகுதான் சொல்ல முடிந்தது.

நேற்று சாயங்காலம், புத்தகப்பையைக்கூட இன்னும் இறக்கிவைக்காத என் மகளைப் பார்த்து அவர் சொன்னார்.

"கையை நீட்டு."