முன்கண்ணாடி மங்கல்

பனி ஊரான ரோரோஸில் தனியாக இருக்கும் அப்பாவின் காரைத் துடைத்துவைக்க ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்துவிடுவான் ஹோகோன்.

“முன்கண்ணாடி உள்பக்கம் இன்னும் மங்கலாத்தான்டா இருக்கு. பனி மேல வெயிலடிச்சா ரோடே தெரியல,” என்றார் அப்பா ஆல்ஃப், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி.

“கண்ணாடி பளிச்சுனுதான்ப்பா இருக்கு. மங்கினது உங்க கண்ணு. எண்பத்திரண்டு வயசுல யாரையாவது ஏத்திக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போகணுமா?”

ஆல்ஃப் கண்ணாடியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

நான்காவது ஞாயிறு அவரே சாவியை நீட்டினார். “உன் கார்தான் செத்துப்போச்சே. இதை நீயே எடுத்துக்க.”

“கடைகண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?”

“வாரத்துக்கு ரெண்டு பஸ் வருதே, போதும்.”

ஹோகோன் மறுக்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் காரை ஓரங்கட்டினான். கண்ணாடி துடைக்கும் துணியை எடுக்க டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தான்.

புதுத் துணி இருந்தது. பக்கத்தில் ஒரு வினிகர் பாட்டில். அதன் அடியில் கண் டாக்டரின் சான்றிதழ், போன வாரத் தேதியில்: இரண்டு கண்ணிலும் குறையில்லை.

பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து.

“நீ வாராவாரம் கண்ணாடியில் பூசிவிட்டுப் போன கிரீம் வினிகரில் போய்விடும். நன்றாகத் துடைத்துவிட்டு ஓட்டு. எதிர்வெயில்.”